ஆற்றின் அடியில் வாழும் சிற்றுயிர்களுக்காக ஒரு விண்ணப்பம்

நீர்வளத்துறைத் தலைமைப் பொறியாளர் அவர்கள் சமூகத்திற்கு,

ஐயா,

ஜனவரி 28ஆம் நாள் மேட்டூர் அணையை மூடி, ஜூன் 12ஆம் நாள் மீண்டும் திறப்பது என்பது காவிரிப் படுகையில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஏற்பாடு. இடைப்பட்ட நான்கரை மாதம் தங்கள் துறைக்கு வேலைக்காலம். தூர் வாருவதும், கரையைச் செதுக்கி நேராக்குவதும், வளைவுகளை நிமிர்த்துவதும், காரைச் சுவர் எழுப்புவதும் பெரும்பாலும் அப்போதுதான் நடக்கின்றன. ஆனால் அதே நான்கரை மாதந்தான், ஆற்றையும் வாய்க்காலையும் தலைமுறை தலைமுறையாகத் தம் இல்லமாகக் கொண்ட ஒரு பெரிய ஜீவ சமூகம், நீர் திரும்பி வரும் என்ற ஒரே நம்பிக்கையில் ஒடுங்கிக் கிடக்கும் காலமுமாகும். அந்தச் சமூகத்திற்கு வாயில்லை. ஆதலால் வாய்க்கால் கரையிலேயே பிறந்து வளர்ந்த நான் இம்மடலைத் தங்களுக்கு எழுதத் துணிந்தேன்.

நீர் வற்றிய ஆற்றைப் பார்க்கிறவர்கள் அதை வெறும் மணல்வெளி என்று எண்ணிக் கடந்து விடுகிறார்கள். மேல் மணல் சுட்டாலும், ஒரு முழம் தோண்டினால் ஈரம் தட்டுகிறது; அந்த ஈரத்தில் மட்டி தன் ஓடுகளை இறுக மூடிக்கொண்டு புதைந்திருக்கிறது; நத்தை தன் வாயிலை மூடி உறங்குகிறது; கரையின் வளைக்குள் நண்டு ஈரத்தைத் தேடி ஆழ்ந்து போயிருக்கிறது; ஆங்காங்கே வற்றாமல் நிற்கும் கசங்களில் கூனியிறாலும், தட்டானின் இளம்பருவப் பூச்சியும், நீர்வண்டும் அடைக்கலம் புகுந்திருக்கின்றன. முதல் வெள்ளம் வந்த சில வாரங்களுக்குள் ஆறு உயிர் பெற்று விடுகிறதே, அதற்கு மூலதனம் இந்த ஈரமும் இந்த வளைகளும் இந்தக் கசங்களுமேயன்றி வேறல்ல.

கரையின் காரியம் இன்னும் நுட்பமானது. மருதும் புங்கும் உதிர்க்கும் இலைகள் நீரில் ஊறி, பூஞ்சணம் பற்றி மென்மையடைந்த பின், அவற்றைத் தின்று துகளாக்கும் சிற்றுயிர்கள் சில. அத்துகளை நீரோட்டத்திலிருந்து வடித்து உண்பவை சில. கற்களின் மேல் படியும் பாசியைச் சுரண்டி மேய்பவை சில. இவை யாவற்றையும் வேட்டையாடுபவை சில. மரத்தின் நிழல் நீரைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த நீரில்தான் பிராணவாயு மிகுதியாகக் கரைந்திருக்கும். ஊசித்தட்டான் தன் முட்டையை நீர்ச்செடியின் தண்டினுள்ளேயே செருகி வைக்கிறது. நீருக்குள் வளர்ந்த தட்டான் குஞ்சு, சிறகு முளைக்கும் நாளில் கோரைத் தண்டொன்றைப் பற்றி மேலேறி, பழைய சட்டையை அங்கேயே கழற்றிவிட்டுப் பறந்து செல்கிறது. மட்டியின் குஞ்சோ சில காலம் மீனின் செவுளைப் பற்றிக்கொண்டு பிரயாணம் செய்து, பிறகு மணலில் இறங்கிக் குடியேறுகிறது. இவ்விதம் இலை, நிழல், தண்டு, மீன், மணல் என்ற ஒரு சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் முழுச் சங்கிலியும் பயனற்றுப் போகிறது.

நம் முன்னோர் இதை விஞ்ஞான பரிபாஷையில் சொல்லவில்லையாயினும் உணர்ந்தே இருந்தனர். ஐங்குறுநூற்றின் மருதத் திணையில், கரையில் வளரும் வேழத்திற்கு ஒரு பத்தும், வளையில் வாழும் நண்டுக்கு ஒரு பத்துமாக ஓரம்போகியார் பாடி வைத்திருக்கிறார். வயலையும் நீரையும் பாட வந்த புலவர், நாணலையும் நண்டையும் விட்டுவிட்டு மருதத்தைப் பாட முடியாது என்று கருதினார் என்பதே அதன் தாத்பரியம்.

இனி, காரைத் தளம் செய்வது என்ன என்பதைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன். தளமிட்ட வாய்க்காலில் புதைய மணல் இல்லை, குடைய மண் இல்லை, பற்ற வேர் இல்லை, ஏறத் தண்டு இல்லை. நீர் ஓடும்போது ஒரே வேகத்தில் ஓடுவதால் ஒதுங்க இடமில்லை. நீர் நின்றபின் வெயிலில் காய்ந்து போவதால் ஒடுங்கவும் இடமில்லை. எஞ்சுவது பள்ளங்களில் தேங்கும் கலங்கல் நீரும், அதில் பெருகும் கொசுப்புழுவுமே. அந்தக் கொசுப்புழுவைத் தின்று அடக்கும் தட்டான் குஞ்சு அங்கே வாழ வழியற்றுப் போன பிறகு, அதன் வேலையை மருந்து தெளித்துச் செய்யவேண்டிய நிலை நமக்கு நேர்கிறது.

1934இல் மேட்டூர்த் திட்டத்தோடு நிர்மாணமான கல்லணைக் கால்வாய், 2.27 லட்சம் ஏக்கருக்கு நீர் தருவது. அதனைச் சுமார் 2,640 கோடி ரூபாய்ச் செலவில் நவீனப்படுத்தும் திட்டத்திற்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டபின், அடித்தளத்தையும் கான்கிரீட்டால் மூடினால் நிலத்தடி நீர் ஊறாதே என்று தஞ்சை, புதுக்கோட்டை உழவர்கள் கவலை எழுப்பியதைத் தாங்கள் அறிவீர்கள். அவர்கள் கேட்டது கிணற்றுக்காக. நான் கேட்பது அதே மணலில் வாழும் ஜீவன்களுக்காக. இரண்டு கோரிக்கைகளும் வேறு வேறு அல்ல. நீர் கீழே இறங்கும் அதே இடுக்குகளில்தான் உயிரும் இறங்கி ஒளிந்து பிழைக்கிறது.

கடைமடைக்கு நீர் போய்ச் சேரவேண்டும் என்பதில் எனக்கு எள்ளளவும் ஆட்சேபம் இல்லை. கடைமடை உழவன் வாடிய நாற்றின் முன் நிற்பதை நானும் கண்டவன். நீரைக் கொண்டு சேர்ப்பதற்கு ஆற்றைக் குழாயாக்குவது ஒன்றே வழியா என்பதே என் கேள்வி.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கிஸ்ஸிம்மி என்றொரு நதி, 166 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளத்தைத் தடுக்கும் நன்னோக்கத்துடன், அந்நாட்டு இராணுவப் பொறியாளர்கள் 1962 முதல் 1971 வரை உழைத்து, அதனை 90 கிலோமீட்டர் நீளமுள்ள நேர்க் கால்வாயாக்கினார்கள். விளைவாக நீரில் பிராணவாயு குன்றியது. ஓட்டத்தில் வாழும் பூச்சிகள் போய், தேங்கிய குளத்திற்குரியவை வந்தன. குளிர்காலத்தில் வந்து தங்கும் நீர்ப்பறவைகளில் 92 சதவீதம் குறைந்தன. வெட்டிய அதே பொறியாளர்களே 1999இல் கால்வாயைத் தூர்த்து, நதியைப் பழைய வளைவுகளுக்குத் திருப்பத் தொடங்கினர். 2021 ஜூலையில் அப்பணி நிறைவுற்றபோது சுமார் 70 கிலோமீட்டர் நதி மீண்டிருந்தது. நீரோட்டத்திலிருந்து இரையை வடித்துண்ணும் பூச்சிகள், மூழ்கிக் கிடக்கும் மரக்கிளைகளின் மேல் மறுபடியும் வந்து குடியேறின. ஒன்பதாண்டுகளில் வெட்டியதைத் திருத்த இருபதாண்டுகளுக்கு மேலாயிற்று என்பதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அந்தச் செலவும் அந்தக் காலமும் நமக்கு மிச்சமாகட்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

ஆகவே என் விண்ணப்பம் இது. உடைப்புக்கு அஞ்சும் இடங்களில் கரையைக் கட்டுங்கள். ஆனால் அடித்தளத்தை மணலாகவே விட்டுவிடுங்கள். கரைக்குச் சாந்து பூசாத கல் அடுக்கினால், அந்த இடுக்குகளில் நாணலும் வேரூன்றும், நண்டும் குடியேறும். ஒரே கோடையில் ஆற்றின் இரு கரைகளையும் முழு நீளத்திற்கும் செதுக்காமல், ஓராண்டு ஒரு கரை, அதிலும் விட்டுவிட்டு ஒரு பகுதி என்று செய்யுங்கள். தொடாமல் விட்ட மேற்பகுதியிலிருந்து நீரோடு மிதந்தும் சிறகோடு பறந்தும் வரும் உயிர்கள், தொட்ட பகுதியை மறுபடி நிரப்பிவிடும். வற்றாத கசங்களை மட்டும் எந்தக் காரணத்தாலும் தூர்க்க வேண்டாம். அவை வருங்கால ஆற்றின் விதைநெல். ஆற்றின் அடியில் வாழும் பிராணிகளைக் கணக்கிட்டு நீரின் தரத்தை நிர்ணயிக்கும் முறையை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்கெனவே வகுத்திருக்கிறது. நம் கல்லூரிகளின் விலங்கியல் மாணவர்களைக் கொண்டு, ஒவ்வொரு வேலைக்கு முன்னும் பின்னும் அக்கணக்கை எடுத்து, மதிப்பீட்டுப் பட்டியலில் மண்ணுக்கும் சிமெண்டுக்கும் பக்கத்தில் அதையும் ஓர் இனமாகச் சேர்க்க உத்தரவிடுங்கள்.

அடுத்த கோடையில் இயந்திரங்கள் இறங்குமுன், தாங்களே ஒருநாள் காலையில் வறண்ட ஆற்றில் இறங்கி, ஒரு முழம் மணலைக் கையால் விலக்கிப் பார்க்க வேண்டுகிறேன். அங்கே ஈரத்தில் ஒரு மட்டி தட்டுப்படுமாயின், அது ஜூன் மாதத்து நீருக்காகக் காத்திருக்கிறது என்பதைத் தாங்கள் ஒருவரே தெரிந்துகொண்டாலும் போதும்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
காவிரிக் கரைக் குடியானவன்