சொல்லும் பொருளும்: ‘ஹாபர்’ என்றால் துறைமுகம் மட்டுமா?



நமது பேச்சிலும் நமக்கு வரும் கடிதங்களிலும் கலந்துவிட்ட ஆங்கிலச் சொற்களை இப்பகுதியில் ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறோம். இம்மாதம் நாம் எடுத்துக்கொள்வது ‘ஹாபர்’ என்ற சொல். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையான கரையோரத்தில் இச்சொல்லை அறியாதவர் இல்லை. “ஹாபரடியில இறக்கி விடுங்க” என்று பஸ்ஸில் சொல்கிறோம். “ஹாபர் கட்டினதுக்குப் பிறகுதான் கடல் ஊருக்குள்ள வரத் தொடங்கின” என்று ஒலுவில் தாய்மார் சொல்வதைக் கேட்கிறோம். இரண்டு இடத்திலும் அது ஒலுவில் துறைமுகத்தையே குறிக்கிறது. ஆனால் ஆங்கில அகராதியில் இச்சொல்லுக்கு வேறு பொருள்களும் உண்டு. அவற்றுள் சில நமது வீட்டு வாசல் வரை வந்து போனவை. ஆகவே அவற்றை நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

முதலில் இச்சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் ‘ஹெரெ’ என்றால் படை. ‘பெயோர்க்’ என்றால் பாதுகாப்பு. இவ்விரண்டும் சேர்ந்தே இச்சொல் உருவானது. அதன் ஆதிப் பொருள் படையினர் தங்கும் இடம் என்பதாகும். பின்னர் வழிப்போக்கர் இரவு தங்கும் இடத்துக்கும் அதுவே பெயராயிற்று. காற்றுக்கும் அலைக்கும் ஒதுங்கிக் கப்பல்கள் நிற்கும் இடத்தை அது குறித்தது அதற்குப் பிறகுதான். எனவே இச்சொல்லின் அடியில் கிடப்பது கப்பலோ வியாபாரமோ அன்று. ‘ஒதுங்க ஓர் இடம்’ என்பதே அதன் கருத்து.

இச்சொல்லுக்கு உறவான சொற்கள் பல உள்ளன. ‘போர்ட்’ என்பது சரக்கு ஏற்றி இறக்கும் இடம். சுங்கம், களஞ்சியம், பாரந்தூக்கி எல்லாம் அங்கே இருக்கும். ‘ஹேவன்’ என்பது அபயம் தரும் இடம். ‘செல்டர்’ என்பது வெயிலுக்கும் மழைக்கும் மறைவு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நமக்குக் கிடைத்த தகரக் கொட்டில்களை நாம் அந்தப் பெயராலேயே அழைத்தோம். ‘ரெஃபியூஜ்’ என்பது துன்புறுத்தலுக்குத் தப்பி ஓடிவந்தவருக்கான புகலிடம். அகதி என்பதற்கான ஆங்கிலச் சொல் அதிலிருந்துதான் வந்தது. தமிழில் நாம் அடைக்கலம், தஞ்சம், புகலிடம், ஒதுக்கிடம் என்கிறோம். ஆனால் ஹாபரை மட்டும் ‘துறைமுகம்’ என்று பெயர்த்துவிட்டோம். அதனால் அச்சொல்லில் இருந்த அடைக்கலம் நமது கண்ணில் படாமல் போயிற்று.

ஹாபரும் போர்ட்டும் ஒன்றே என்று எண்ணத் தோன்றும். அவற்றுக்கிடையே வேறுபாடு உண்டு. திருகோணமலையில் மலைகளும் நிலமும் சூழ்ந்து நிற்பதால் கடல் உள்ளே அமைதியாகக் கிடக்கிறது. அது இறைவன் படைப்பிலேயே அமைந்த ஹாபர். அங்கே ஒரு கல்லும் போடாவிட்டாலும் கப்பல் பாதுகாப்பாக நிற்கும். கொழும்பில் அந்த வசதி இருக்கவில்லை. 1875இல் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டி, மனிதரே ஹாபரை உண்டாக்கினார்கள். ஒலுவில் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. திறந்த மணற்கரையில் கல்லைக் கொட்டி அமைக்கப்பட்டது.

டென்மார்க் நாட்டின் கடனுதவியுடன் 2008இல் அதன் வேலைகள் தொடங்கின. 2013 செப்டம்பரில் அது திறந்துவைக்கப்பட்டது. வர்த்தகத் துறைமுகம், மீன்பிடித் துறைமுகம் என இரண்டு பகுதிகளாக அது திட்டமிடப்பட்டது. கப்பல் வரும், பிள்ளைகளுக்குத் தொழில் கிடைக்கும், போரிலும் சுனாமியிலும் அடிபட்ட இந்தக் கரை நிமிரும் என்று நாம் எல்லோரும் நம்பினோம்.

நடந்தது என்ன? நமது கிழக்குக் கரையில் அலைகள் கரையோரமாக மணலை நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே கூடுதலாகப் போகிறது. கடலுக்குள் நீட்டிய கல்லணை அந்த ஓட்டத்தை மறித்தது. அணைக்குத் தெற்கே மணல் குவிந்தது. வடக்கே உள்ள கரைக்கு வர வேண்டிய மணல் வரவில்லை. அலை எடுத்துச் சென்ற மணலுக்கு ஈடாகப் புதிய மணல் வந்து சேராததால் கரை தேய்ந்தது. ஒலுவிலில் தென்னந்தோட்டங்கள் கடலில் சரிந்தன. அரிப்பு நிந்தவூர்ப் பக்கமும் போனது. துறைமுகத்தின் வாயிலையும் மணல் மூடியதால் படகுகள் வந்து போகச் சிரமப்பட்டன. எதிர்பார்த்த சரக்குக் கப்பல்களும் வரவில்லை. மணலை அகற்றி வாயிலைத் திறவுங்கள் என்று மீனவர்கள் கேட்டார்கள். முதலில் எங்கள் கரையைக் காப்பாற்றுங்கள் என்று ஊரவர்கள் கேட்டார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் ஒரே கடலை நம்பி வாழும் மக்கள் எதிரெதிரே நிற்க நேர்ந்தது.

இதில் பெண்களின் இழப்பைக் கணக்கிட்டவர்கள் குறைவு. தென்னை போனால் தேங்காய் மட்டும் போவதில்லை. கிடுகு பின்னி, ஈர்க்கில் கட்டி, மட்டையை விறகாக்கி அடுப்பெரித்த பெண்ணின் சிறு வருமானமும் போகிறது. கரைவலை இழுக்க இடமில்லாமல் போனால், கருவாடு காயவைத்து விற்ற விதவைத் தாயின் கையும் வெறுமையாகிறது. துறைமுகத்துக்காகக் காணி சுவீகரிக்கப்பட்டு, நட்டஈட்டுக்காகப் பல வருடங்கள் அலைந்த குடும்பங்களும் உண்டு. ‘ஹாபர்’ என்ற சொல்லில் போர்ட் என்ற பொருள் கல்லாக வந்து நின்றது. ஒதுங்க ஓர் இடம் என்ற பொருள் இந்தக் குடும்பங்களுக்குக் கிடைக்கவில்லை.

இனி இச்சொல்லின் இன்னொரு முகத்தைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் ஹாபர் ஒரு வினைச்சொல்லாகவும் வரும். அப்போது அதற்கு ஒருவருக்கு இடம் கொடுத்தல், மறைத்து வைத்தல் என்று பொருள். 1883ஆம் ஆண்டின் நமது தண்டனைச் சட்டக்கோவையில், குற்றவாளிக்கு இடம் கொடுத்து மறைத்தல் ஒரு குற்றம். அவர் குற்றம் செய்தவர் என்று அறிந்தும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தும், தண்டனையிலிருந்து காப்பாற்றும் நோக்கத்தோடு அதைச் செய்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. கணவனுக்கு மனைவியோ, மனைவிக்குக் கணவனோ இடம் கொடுத்தால் அப்பிரிவு பொருந்தாது. அந்த விலக்கில் தாயும் சகோதரியும் சேர்க்கப்படவில்லை. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்திலும் இடம் கொடுத்தல் தண்டனைக்குரியதாக வந்தது.

போர்க்காலத்தில் இரவில் கதவைத் தட்டியவருக்கு ஒரு பாயும் ஒரு கோப்பை தேநீரும் கொடுத்த பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தட்டியவர் முஸ்லிமா தமிழரா என்று கேளாமல் கொடுத்தவர்களும் உண்டு. மார்க்கமும் மரபும் அதை அடைக்கலம் என்கின்றன. ஆனால் அதே செயல் ஒரு வாக்குமூலத்தில் எழுதப்படும்போது, ‘தெரிந்துகொண்டு’ என்ற ஒரு சொல் சேர்ந்தால் அதன் பொருளே மாறிவிடும். விளங்காத மொழியில் எழுதிய தாளில் கையொப்பம் இடுவது ஏன் ஆபத்து என்பது இதிலிருந்து புரியும்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. ஆட்கடத்தல் தொடர்பாக ஐக்கிய நாடுகள் சபை 2000ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையிலும், அதையொட்டி 2006இல் நமது தண்டனைச் சட்டக்கோவையில் செய்யப்பட்ட திருத்தத்திலும் இதே வினைச்சொல் வருகிறது. அங்கே அது, ஏமாற்றியோ வற்புறுத்தியோ கொண்டுவந்தவரைச் சுரண்டும் நோக்கத்தோடு ஓரிடத்தில் தங்கவைத்திருப்பதைக் குறிக்கிறது. வெளிநாட்டு வேலைக்கென்று சொல்லி, கடவுச்சீட்டைப் பறித்து, பெண்ணை ஒரு வீட்டில் அடைத்து வைப்பது இதில் அடங்கலாம். “தங்க இடம் தந்தோமே” என்று தரகர் சொல்வது அவருக்குச் சாட்சி ஆகாது. அவருக்கு எதிரான சாட்சியாகவும் கூடும்.

இறுதியாக, மனதுக்குள் ஒன்றை வைத்திருப்பதற்கும் ஆங்கிலத்தில் இச்சொல்லையே பயன்படுத்துவார்கள். வன்மத்தை வைத்திருந்தாலும், சந்தேகத்தை வைத்திருந்தாலும், நம்பிக்கையை வைத்திருந்தாலும் அது ஹாபர்தான். காணாமற் போன மகனுக்காக இன்றும் அடையாள அட்டைப் பிரதியைப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தியிருக்கும் தாய் தன் மனதில் இடம் கொடுத்திருப்பது எதற்கு என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

சகோதரிகளே, ஆங்கிலம் படித்து முடித்த பிறகுதான் உரிமையைக் கேட்க வேண்டும் என்றில்லை. பின்வரும் மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாகும். பிரதேச செயலகத்திலோ வேறு அரச அலுவலகத்திலோ கடிதத்தைத் தமிழில் தாருங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை.

இரண்டாவது, பொலிசார் புலனாய்வின்போது வாக்குமூலம் எடுத்தால், அதை உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை கூறுகிறது. அதில் விளக்கம் சொல்லவும், விடுபட்டதைச் சேர்க்கவும் உங்களுக்கு இடமுண்டு. அதற்கு முன் கையொப்பம் இடாதீர்கள்.

மூன்றாவது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் காணி, நட்டஈடு, கரைப் பாதுகாப்பு வேலை பற்றிய விபரங்களை உரிய அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் கேட்டாலும் அவர் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒரு திட்டத்தின் பெயர் ஆங்கிலத்தில் வந்தால், கூட்டத்தில் கையை உயர்த்தி, “இந்தச் சொல்லுக்கு எங்கட பாஷையில என்ன கருத்து? இதால எங்களுக்கு என்ன வரும், எங்களிட்ட இருந்து என்ன போகும்?” என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். ஒருவர் கேட்டால் பத்துப் பேருக்கு விளங்கும்.

அடுத்த மாதம் ‘கிளெய்ம்’ என்ற சொல்லோடு சந்திப்போம். நட்டஈட்டுப் படிவத்திலும் காப்புறுதித் தாளிலும் நீங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள். அப்படியான படிவம் ஏதும் கையில் இருந்தால் எடுத்து வைத்திருங்கள்.