கெட்ட வார்த்தைக்கு யாரும் பயப்படலை

பங்க் ராக் பத்தி யார் எழுதினாலும் அதே கதையில்தான் ஆரம்பிக்கறாங்க. 1976 டிசம்பர் 1, லண்டன் தேம்ஸ் டெலிவிஷன், பில் கிரண்டி நிகழ்ச்சி. செக்ஸ் பிஸ்டல்ஸ் பசங்க நேரலையில் கெட்ட வார்த்தை பேசிட்டாங்க, மறுநாள் பேப்பரெல்லாம் அலறுச்சு, இசைக் கம்பெனிகள் ஆடிப்போச்சு... கேட்டுக் கேட்டுப் புளிச்சுப் போச்சு சாமி.

ஆடிப்போனது யாருங்க? 40,000 பவுண்டு அட்வான்ஸ் கொடுத்திருந்த இஎம்ஐ, 1977 ஜனவரியில் அவங்களைக் கழட்டி விட்டது. மார்ச்சில் ஏ அண்ட் எம் கம்பெனி பக்கிங்ஹாம் அரண்மனைக்கு வெளியே மேஜை போட்டு கையெழுத்து வாங்கி, ஒரே வாரத்துல துரத்திடுச்சு. மே மாசம் வர்ஜின் அள்ளிக்கிச்சு. ராணியோட வெள்ளிவிழா சமயத்துல, பிபிசி தடை போட்டும், 'காட் சேவ் தி க்வீன்' விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம். கல்லா நிறைஞ்சது. அந்த வர்ஜினை 1992ல் யார் வாங்கினாங்க தெரியுமா? அதே இஎம்ஐ! (சிரிக்காதீங்க, நிஜம்தான்.)

கெட்ட வார்த்தை நல்லா விக்கற சரக்கு. அதைப் பார்த்து எந்த முதலாளியும் தூக்கம் கெட்டதில்லை. தி க்ளாஷைப் பாருங்க. 1977 ஜனவரியில் சிபிஎஸ்ஸோட ஒப்பந்தம். கொஞ்ச மாசத்துலேயே கம்பெனி இவங்களைக் கேட்காம 'ரிமோட் கண்ட்ரோல்' பாட்டைத் தனி ரெக்கார்டா வெளியிட்டுடுச்சு. கோபத்துல கம்பெனியைத் திட்டி 'கம்ப்ளீட் கண்ட்ரோல்'னு பாட்டு எழுதினாங்க. அற்புதமான பாட்டு, மறுக்கலை. ஆனா அதை அச்சடிச்சு வித்தது யாரு? சிபிஎஸ்தான். திட்டினதுலயும் லாபம்!

என்னைக் கேட்டா நிஜமான சண்டை வேற இடத்துல நடந்தது. மான்செஸ்டர் பஸ்காக்ஸ் பசங்க, நண்பர்கள்கிட்டயும் பீட் ஷெல்லியோட அப்பாகிட்டயும் சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி, 1977 ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்'னு நாலு பாட்டு ரெக்கார்டைத் தாங்களே போட்டாங்க. முதல்ல 1,000 பிரதிதான். அப்புறம் 16,000 வரை வித்துது. எந்தப் பாட்டு எத்தனாவது முயற்சியில் பதிவாச்சுங்கறதைக்கூட உறையில் போட்டிருந்தாங்க. அடுத்த வருஷம் ஸ்க்ரிட்டி பொலிட்டி ஒரு படி மேலே போய், ஒலிப்பதிவுக்கு எவ்வளவு, அச்சுக்கு எவ்வளவு, லேபிளுக்கு எவ்வளவுன்னு மொத்தச் செலவுக் கணக்கையும் உறையிலேயே எழுதிட்டாங்க. நம்ம தொழில்ல சோர்ஸ் கோடைத் திறந்து வைக்கற மாதிரிதான் இதுவும். ரெக்கார்டு போடறது ராக்கெட் வித்தை, அதுக்குக் கம்பெனி வேணும்னு சொல்லிச் சொல்லித்தானே பிழைப்பு ஓடிச்சு? விலை தெரிஞ்சா நாளைக்கு எந்தப் பையனும் தானே போட்டுப்பானே!

உடனே ஒருத்தர் கேட்பார், பிஸ்டல்ஸ் இல்லாம பஸ்காக்ஸ் ஏதுய்யான்னு. சரிதான். 1976 ஜூனில் பிஸ்டல்ஸை மான்செஸ்டருக்குக் கூட்டிட்டு வந்ததே பஸ்காக்ஸ் பசங்கதான். இன்னொண்ணும் சொல்லிடறேன், அதே 1977லேயே பஸ்காக்ஸும் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ்ல போய்ச் சேர்ந்துட்டாங்க. வயிறுன்னு ஒண்ணு இருக்கே. அதுக்காக அவங்க காட்டின கணக்கு பொய்யாயிடுமா? வாஷிங்டன்ல 1980ல் ஆரம்பிச்ச டிஸ்கார்ட் லேபிள் அந்த வழியில்தான் நடந்தது. அதை ஆரம்பிச்ச இயன் மக்காயோட ஃபுகாஸி குழு, டிக்கெட்டை 5 டாலர் அளவுலேயே வச்சு ஊர் ஊரா வாசிச்சது.

கம்பெனிகளுக்கு உண்மையிலேயே சங்கடமான எழுத்து எதுன்னா, ஸ்டீவ் அல்பினி 1993ல் 'தி பாஃப்ளர்' பத்திரிகையில் எழுதின கட்டுரைதான். அதில் வசவு நிறைய உண்டு, ஆனா குத்தறது கூட்டல் கழித்தல். பெரிய கம்பெனியில் சேர்ந்து இரண்டரை லட்சம் பிரதி விக்கற ஒரு கற்பனைக் குழு. கம்பெனிக்கு லாபம் 7,10,000 டாலர். வாசிச்ச ஒவ்வொருத்தனுக்கும் கடைசியில் 4,031 டாலர் 25 சென்ட். மளிகைக் கடை கல்லாவுல நின்னிருந்தா இதைப்போல மூணு மடங்கு கிடைச்சிருக்கும்னு எழுதினார்.

அதே வருஷம் நிர்வாணாவோட 'இன் யூட்டெரோ'வைப் பதிவு செஞ்சதும் அவரேதான். ராயல்டி வேண்டாம், குழாய் ரிப்பேர்காரருக்குக் கொடுக்கற மாதிரி செஞ்ச வேலைக்குக் கூலி கொடுங்கன்னு முன்கூட்டியே கடிதம் எழுதிட்டார். 2024ல் இறக்கும்வரை அப்படியேதான் வாங்கினார்.