‘பிறகு’ பட்டனும் 37 கெட்டுப்போன ஃபைல்களும்

இரவு பத்தரை மணி. சார்ஜில் போட்ட போனில் ஒரு செய்தி வருகிறது: ‘பாதுகாப்பு அப்டேட் தயார். இப்போதே ரீஸ்டார்ட் செய்யலாமா?’ பெரும்பாலான வீடுகளில் விரல் போவது ‘பிறகு’ என்ற பட்டனுக்குத்தான். மறுநாளும் அதே செய்தி, அதே ‘பிறகு’. கடன்காரருக்குச் சொல்லும் ‘நாளைக்கு வாங்க’ போல இது மாதக்கணக்கில் ஓடும்.

ஒருவேளை அப்டேட் செய்துவிட்டாலும் எதுவும் மாறியதாகத் தெரியாது. புது நிறம் இல்லை, புது ஸ்டிக்கர் இல்லை. ‘இதுக்குத்தானா இவ்வளவு நேரம்?’ என்ற சலிப்புதான் மிஞ்சும். மாற்றம் பல நேரம் நம் கண்ணுக்குப் படாத இடத்தில் நடந்திருக்கும். அந்த இடத்தின் பெயர் கெர்னல்.

ராணுவத்துக் கர்னல் இல்லை. கொட்டையை உடைத்தால் உள்ளே இருக்கும் பருப்புக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். கல்யாண வீட்டு உக்கிராணத்தை நினைத்துக்கொண்டால் அதன் வேலை புரிந்துவிடும். சமையல்காரருக்குச் சர்க்கரை வேண்டுமா, பந்திக்கு இலை வேண்டுமா, யாரும் நேராக உள்ளே போய் எடுத்துவிட முடியாது. உக்கிராணத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியப்பாவிடம் கேட்க வேண்டும். யாருக்கு எதைத் தரலாம், எவ்வளவு தரலாம் என்று முடிவு செய்பவர் அவர். போனிலும் கம்ப்யூட்டரிலும் கெர்னல்தான் அந்தப் பெரியப்பா. மெமரி, கேமரா, சேமித்த ஃபைல்கள் என எதைத் தொட வேண்டுமானாலும் ஒவ்வொரு ஆப்பும் அவரிடம்தான் கையேந்த வேண்டும். பெரியப்பா ஏமாந்துவிட்டால் சாவிக்கொத்தே திருடன் கையில்.

ஏமாந்தும் இருக்கிறார். அந்தக் கதை ஒரு துப்பறியும் நாவலுக்குச் சளைத்ததில்லை.

2021 ஏப்ரல் மாதம். ஜெர்மனியில் இணையதளங்களைப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் மாக்ஸ் கெல்லர்மான் என்ற புரோகிராமருக்கு ஒரு புகார் வந்தது. ‘எங்கள் இணையதளத்துக்கு யார் யார் வந்தார்கள் என்ற பதிவை டவுன்லோடு செய்தேன், ஃபைல் திறக்கவில்லை.’ அவர் பார்த்தார். ஃபைலின் உள்ளே இருந்த தகவலெல்லாம் சரியாகவே இருந்தது. கடைசியில் வரும் சரிபார்ப்பு எண் மட்டும் தப்பு. கையாலேயே திருத்திக் கொடுத்துவிட்டு விஷயத்தை மறந்துவிட்டார்.

சில மாதங்கள் கழித்து அதே புகார். பிறகு இன்னொன்று. ஒருமுறை என்றால் விபத்து, மூன்று முறை என்றால் சந்தேகம் வரத்தானே செய்யும்? மொத்த டிஸ்க்கையும் அலசினார். கடந்த மூன்று மாதங்களில் மட்டும் 37 ஃபைல்கள் கெட்டிருந்தன. அவற்றில் ஒரு விசித்திரம்: மாதத்தின் கடைசி நாளுக்கான ஃபைல்தான் அதிகம் அடிபட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் கெட்டிருந்தது கடைசி எட்டு பைட்டுகள். அந்த எட்டும் ‘பி’, ‘கே’ என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கின.

பி.கே. என்றால் பில் கட்ஸ், ஜிப் ஃபைல் முறையை உருவாக்கியவர். அவருடைய முதலெழுத்துகள் ஜிப் ஃபைல்களுக்குள் இன்றும் முத்திரையாக இருக்கின்றன. கெல்லர்மானின் சர்வரில் தினசரிப் பதிவுகளை ஒரு மாதத்துக்குச் சேர்த்து ஜிப்பாகக் கட்டித் தரும் புரோகிராம் ஒன்று உண்டு. கடைசி நாளின் ஃபைலைச் சேர்த்த கையோடு அது ‘பி.கே.’ என்று தொடங்கும் பொருளடக்கத்தை எழுதும். அந்தப் பொருளடக்கத்தின் முதல் எட்டு பைட்டுகள்தான் அசல் ஃபைலின் வாலில் போய் ஒட்டிக்கொண்டிருந்தன.

ஆனால், இது நடக்கவே கூடாது. அந்த ஜிப் புரோகிராமுக்கு அந்த ஃபைல்களைப் படிக்க மட்டுமே அனுமதி உண்டு, எழுத அனுமதி கிடையாது. நூலகத்தில் புத்தகத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்தவர் பேனாவால் அதில் எழுதிவிட்டார் என்பதுபோல.

எழுத அனுமதி இல்லாதவரை எழுதவிடக்கூடியவர் ஒருவர்தான், பெரியப்பா. புரோகிராமர்கள் லேசில் கெர்னல்மீது பழி போடுவதில்லை. தன் புரோகிராமையே முதலில் சந்தேகிப்பதுதான் அந்தத் தொழிலில் மரியாதை. கெல்லர்மான் சில வரிகளில் இரண்டு குட்டிப் புரோகிராம்கள் எழுதினார். ஒன்று ஒரு ஃபைலில் ‘ஏ’ என்ற எழுத்தை எழுதிக்கொண்டே இருக்கும். இன்னொன்று அந்த ஃபைலைப் படிக்க மட்டும் செய்து, வேறொரு குழாயில் ‘பி’ என்று எழுதும். கொஞ்ச நேரத்தில் ஃபைலுக்குள் ‘பி’ வந்து உட்கார்ந்திருந்தது. 2022 பிப்ரவரி 19 அன்று அவருக்கு உறுதியானது, ஓட்டை லினக்ஸ் கெர்னலில்.

காரணம் என்ன தெரியுமா? ஒரு மறதி. புரோகிராம்களுக்கு இடையே தகவல் கடத்தும் ‘பைப்’ என்ற குழாயில், ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குறிப்புச் சிலேட்டு உண்டு. புது வேலைக்கு முன் அதைத் துடைத்துவிட வேண்டும். ஓரிடத்தில் அது துடைக்கப்படவில்லை. ‘இதில் மேலும் எழுதலாம்’ என்று பழைய வேலைக்குப் போட்ட குறிப்பு அப்படியே இருந்தது. கெர்னல் அதைப் படித்து அனுமதி கொடுத்துவிட்டது. இந்த மறதி 2016-லிருந்தே இருந்தது. 2020-ல் வந்த 5.8 பதிப்பில் வேறொரு மாற்றம் சேர்ந்தபோதுதான் அதற்குப் பல் முளைத்தது. எழுத அனுமதியில்லாத கணக்கில் இருப்பவர்கூட அந்தக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு ஃபைலையே மாற்றலாம் என்ற நிலை. ‘டர்ட்டி பைப்’ என்று இதற்குப் பெயர் வந்தது. திருத்தம்? இரண்டே வரிகள். சிலேட்டைத் துடை என்று இரண்டு இடங்களில்.

வீட்டிலிருக்கும் போனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான். பிப்ரவரி 21 அன்று கூகுளின் பிக்சல் 6 போனிலும் இதே ஓட்டை இருப்பதைக் கெல்லர்மான் சோதித்து உறுதிசெய்தார். பிப்ரவரி 23 அன்று 5.16.11, 5.15.25, 5.10.102 என்ற கெர்னல் பதிப்புகள் திருத்தத்தோடு வெளிவந்தன. கெர்னல் எண்ணில் கடைசிப் பகுதி பெரும்பாலும் புது வசதிகளைக் குறிப்பதில்லை, எத்தனையாவது திருத்தத் தொகுப்பு என்பதைத்தான் சொல்கிறது. மார்ச் 7 அன்று விஷயம் உலகுக்குச் சொல்லப்பட்டது. பிக்சல் போன்களுக்குத் திருத்தம் போய்ச் சேர்ந்ததோ மே மாத அப்டேட்டில். பூட்டு எப்படித் திறக்கும் என்று ஊருக்கே தெரிந்த பிறகும் அத்தனை வாரங்கள். அதன் மேல் நாம் போடும் ‘பிறகு’ வேறு!

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த ஓட்டையை மட்டும் வைத்து யாரும் தூரத்திலிருந்து போனுக்குள் நுழைந்துவிட முடியாது. ஏதோ ஒரு திருட்டு ஆப் உள்ளே வந்திருக்க வேண்டும். ஆனால், வந்துவிட்டால் அது சாதாரண ஆப்பாக அடங்கி இருக்காது.

ரீஸ்டார்ட் எனும் தலைவலி

ஆப் அப்டேட் ஆகும்போது போனை அணைக்க வேண்டியதில்லை. கெர்னலை மாற்றினால் மட்டும் பொதுவாக ரீஸ்டார்ட் கேட்கும். உக்கிராணத்துப் பெரியப்பாவை மாற்றும்போது பந்தி நின்றுதானே ஆகும்? இந்தத் தொல்லையால் சூடுபட்டவர்களில் ஜெஃப் அர்னால்டும் ஒருவர். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாணவராக இருந்தபோது அவர் ஒரு சர்வரைக் கவனித்துவந்தார். 2006-ல் பாதுகாப்புத் திருத்தம் ஒன்று வந்தது. எல்லோரும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள், வார இறுதியில் ரீஸ்டார்ட் செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். வார இறுதி வருவதற்குள் ஹேக்கர் வந்துவிட்டார். அந்த அடியிலிருந்து பிறந்ததுதான் ஓடும் கெர்னலை நிறுத்தாமலேயே திருத்தும் ‘கேஸ்ப்ளைஸ்’. 2011-ல் ஆரக்கிள் நிறுவனம் அதை வாங்கியது. பெரிய சர்வர்களுக்கு இன்று இப்படிப்பட்ட வசதிகள் உண்டு. வீட்டுப் போனுக்கு இன்னும் ரீஸ்டார்ட்தான் வழி.

தள்ளிப்போட்டதன் விலையை இங்கிலாந்து அரசு மருத்துவமனைகள் கொடுத்தன. விண்டோஸின் ஃபைல் பகிரும் பகுதியில் இருந்த ஓட்டைக்கு 2017 மார்ச் 14 அன்றே மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. மே 12 அன்று ‘வான்னாக்ரை’ வைரஸ் அதே ஓட்டை வழியாக வந்தது. அங்குள்ள 236 மருத்துவமனை அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. அறுவை சிகிச்சை உட்பட சுமார் 19,000 அப்பாயின்ட்மென்ட்டுகள் ரத்தாகியிருக்கும் என்று பின்னர் தணிக்கை அறிக்கை மதிப்பிட்டது. தேதி வாங்கிக் காத்திருந்த நோயாளிகளுக்கு அந்த இரண்டு மாதத் தாமதம் பற்றி என்ன தெரிந்திருக்கும்?

‘அப்டேட் செய்து போன் செத்துவிட்டால்?’ என்ற பயமும் வெறும் பயம் இல்லை. 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய தவறான ஃபைல் ஒன்று, கெர்னலுக்குள் ஓடும் அதன் மென்பொருளைக் கவிழ்த்தது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பியிருந்தால் சேதம் குறைந்திருக்கும். போன் நிறுவனங்கள் பல இதை முன்பே செய்கின்றன. பக்கத்து வீட்டுப் போனுக்கு வந்த அப்டேட் நமக்கு ஒரு வாரம் கழித்து வருவது அதனால்தான்.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. 2016-ல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், பல போன்களில் சிஸ்டத்துக்கு இரண்டு அறைகள். ஒன்றில் போன் ஓடிக்கொண்டிருக்க, அப்டேட் மற்றதில் எழுதப்படும். ரீஸ்டார்ட் ஆகும்போது புது அறைக்கு மாறும். அங்கே கிளம்ப முடியாவிட்டால் பழைய அறைக்கே திரும்பிவிடும். உபுண்டு போன்ற லினக்ஸ் கம்ப்யூட்டர்களிலும் புதுக் கெர்னல் வந்ததும் பழையது போய்விடாது. தேவைப்பட்டால் ஆன் செய்யும்போது பழையதைத் தேர்ந்தெடுக்கலாம்.

வீட்டில் யாருடைய போன் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பார்ப்பது எளிது. செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ பகுதியில் ஆண்ட்ராய்டு வெர்ஷனைத் தொட்டால், ‘செக்யூரிட்டி அப்டேட்’ என்று ஒரு தேதியும் ‘கெர்னல் வெர்ஷன்’ என்று ஒரு எண்ணும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். முக்கியம் அந்தத் தேதிதான். அது இரண்டு மூன்று மாதங்களுக்குள் இருந்தால் நிம்மதி. ஓராண்டைத் தாண்டியிருந்தால் ஒன்று ‘பிறகு’ விளையாட்டு நடந்திருக்கிறது, இல்லையென்றால் அந்த மாடலுக்கு அப்டேட் தருவதையே நிறுவனம் நிறுத்திவிட்டது. புதுப் போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பவர்கள், எத்தனை ஆண்டுக்குப் பாதுகாப்பு அப்டேட் என்று கேட்பது அபூர்வம். பிக்சல் 8-க்கும் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு ஆண்டுகள் என்று நிறுவனங்களே அறிவித்தன. விலை குறைந்த பல மாடல்களில் அது வெகு சீக்கிரம் முடிந்துவிடும்.

மகன் புதுப் போன் வாங்கியதும் பழையது அப்பாவுக்குப் போகும், அப்பாவுடையது தாத்தாவுக்கு. அப்டேட் வருவது என்றோ நின்றுபோன போன் வழக்கமாகத் தாத்தா கையில்தான் இருக்கிறது. அவருடைய பென்ஷன் கணக்கின் பேங்க் ஆப்பும் அதில்தான் இருக்கிறது.