நாலு நிமிஷம்தானேன்னு சொல்றவங்களுக்கு

"மியூசிக்கா? ஜாலியான சப்ஜெக்ட் ஆச்சே!" கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு.

இங்கிலாந்தில் 16 வயசில் எழுதுற ஜி.சி.எஸ்.இ. இசைப் பாடத்தோட கணக்கைப் பாருங்க. பாடுறதுக்கு, வாசிக்கிறதுக்கு 30 சதவீதம். சொந்தமா இசையமைக்க 30. கேட்டு எழுதுற பரீட்சைக்கு 40. இசையமைக்கிறதுல ரெண்டு படைப்பு, சேர்த்துக் குறைஞ்சது 3 நிமிஷம். அதில் ஒண்ணு தேர்வு வாரியம் கொடுக்கிற குறிப்புக்கு ஏத்த மாதிரி இருக்கணும். கம்ப்யூட்டர்ல ரெண்டு லூப்பை ஒட்டினா போதும்னு நினைக்கிறவங்க ஒரு தடவை உட்கார்ந்து பாருங்க :-)

வாசிப்பு மொத்தம் 4 நிமிஷம். அதில் ஒரு நிமிஷமாவது மத்தவங்களோட சேர்ந்து வாசிக்கணும். நாலு நிமிஷம்தானே? அதுக்குப் பின்னாடி தினம் அரை மணி நேரம் இருக்கு, அதுவும் வருஷக்கணக்கில். ரொம்ப சுலபமானதை எடுத்தா முழு மார்க் கிடையாது.

உழைப்பு மேல எனக்குக் கோபமில்லை. கணக்குப் பரீட்சைக்கு வர்றதை வகுப்பிலேயே சொல்லித் தர்றாங்க. ஆனா வயலினை எப்படிப் பிடிக்கணும்னு இசை வகுப்பில் சொல்லித் தர நேரமே கிடையாது. அதுக்குத் தனி வாத்தியார், பல வீடுகளில் தனி ஃபீஸ். பாடலாமேன்னு கேட்பீங்க. பாட்டுக்கும் வாத்தியார் வேணும் சாமி! ஆக அந்த 30 சதவீதத்தில் பாதி அப்பாவோட பர்ஸுக்குப் போடுற மார்க். (சண்டைக்கு வர்றவங்க தாராளமா வாங்க.)

பாடம் தேர்ந்தெடுக்கிற 13, 14 வயசுப் பிள்ளைகிட்ட "ஆர்வம் இருந்தா போதும்"னு சொல்றது ஏமாத்து வேலை. வாத்தியத்தையும் வாத்தியாரையும் பள்ளிக்கூடமே கொடுக்கட்டும். அப்புறம் அப்படிச் சொல்லட்டும்.