ஹிப்னாடிசம்: வசியமா, வைத்தியமா?

ஹிப்னாடிசம் என்ற சொல்லைக் கேட்டதுமே நம் குடும்பங்களில் அச்சம் எழுகிறது. அதற்கு நாம் வைத்த தமிழ்ப் பெயரும் ஒரு காரணம். 'மனோவசியம்' என்று அழைத்ததால், அதுவும் சூனியத்தின் ஒரு வகையே எனப் பலர் எண்ணிவிட்டனர். சூனியம் பெரும்பாவம் என்பதில் நமக்குள் இருவேறு கருத்தில்லை. ஆயினும், ஒன்றைக் குறித்துத் தீர்ப்புச் சொல்லுமுன் அது என்னவென்று அறிந்துகொள்வது நம் கடமையல்லவா?

பதினெட்டாம் நூற்றாண்டில் மெஸ்மர் என்ற மருத்துவர், கண்ணுக்குத் தெரியாத ஒரு காந்த ஆற்றலால் தாம் நோய் தீர்ப்பதாகக் கூறினார். பிரெஞ்சு மன்னர் அமைத்த குழு 1784இல் அதனை ஆராய்ந்து, அத்தகைய ஆற்றலுக்குச் சான்றில்லை, நோயாளியின் கற்பனையே வேலை செய்கிறது என்று அறிவித்தது. பின்னர் ஜேம்ஸ் பிரெய்டு என்னும் அறுவை மருத்துவர், உறக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இன்றைய பெயரைப் பரவச் செய்தார். உண்மையில் அது உறக்கமும் அன்று. கவனம் ஒன்றிலேயே குவிந்து, சிகிச்சையாளர் கூறும் கருத்தை மனம் எளிதில் ஏற்கும் நிலையே அது. அந்நிலையில் மனிதன் தன் விருப்பத்தை முற்றிலும் இழந்துவிடுவதில்லை. விழிக்க முடியாமல் சிக்கிக்கொள்வதுமில்லை. மேடையில் ஆட்டுவிக்கப்படுபவர்கள், தாமாக முன்வந்தவர்களுள் எளிதில் இசைபவர்களெனப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்களே.

1955இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இதனைச் சிகிச்சை முறையாக ஏற்றது. வலி, பதற்றம், குடல் எரிச்சல் நோய் போன்றவற்றில் சிலருக்கு இது துணைபுரிகிறது. எல்லாருக்கும் ஒரே அளவில் பலன் தருவதில்லை. மருந்துக்கு மாற்றாகவும் ஆகாது.

எச்சரிக்கை வேண்டிய இடங்களும் உண்டு. முற்பிறவியைக் காட்டுகிறோம் என்போரிடம் நாம் செல்லலாகாது. மறுமையை நம்பும் நமக்கு மறுபிறவி நம்பிக்கை ஏற்புடையதன்று. மேலும், இந்நிலையில் எழும் நினைவுகளில் கற்பனை எளிதில் கலந்துவிடும் என மருத்துவ உலகமும் எச்சரிக்கிறது. ஜின்களின் உதவியால் நடப்பதாகக் கருதி இதனைத் தடுத்த ஆலிம்களும் உள்ளனர். ஜின்னையோ மந்திரத்தையோ நாடும் எவரிடமிருந்தும் விலகி நிற்பது கட்டாயம். தகுதிபெற்ற மருத்துவர் பேச்சின் வழியே அளிக்கும் சிகிச்சையோ வேறு.

நம்மை வருத்துவது இதுவே: பதற்றத்தால் உறக்கமின்றித் தவிக்கும் மகளை மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றால் ஈமான் போய்விடும் என்று அஞ்சுகிறோம், ஆனால் தாயத்து விற்பவரிடம் ஆயிரங்களை அச்சமின்றிக் கொடுக்கிறோம். ஈமானுக்கு ஆபத்து எங்கே இருக்கிறது?

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியுள்ளார்கள். ஓதிப்பார்ப்பதும் துஆவும் மருத்துவத்திற்குப் பகையல்ல. மருத்துவரின் தகுதியை விசாரிப்போம். பெண்களும் பிள்ளைகளும் செல்லும்போது குடும்பத்தார் உடன் செல்வோம். ஐயம் எழுந்தால், சிகிச்சையின் தன்மையை முழுமையாக எடுத்துரைத்து ஆலிமிடம் கேட்போம். நிவாரணம் அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே.