பழைய லேப்டாப்பும் ஊர்க்கண்ணும்



போன மாதம் ஒரு பயிற்சி முகாமுக்குப் பேச வந்த நண்பர், நம் பிள்ளைகள் கையிலிருந்த லேப்டாப்புகளைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இன்னுமா விண்டோஸ் 7 ஓட்டுறீங்க? இதுல எந்த பிரவுசர் போட்டாலும் பாதுகாப்பு கிடையாது. தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க" என்றார். தொழில்நுட்பக் கணக்கில் அவர் சொன்னதில் முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

புதுசு வாங்குங்க. யார் வாங்குவது? 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் வந்ததுதான் நம் தெருவில் பல வீடுகளின் முதல் கணினி. அதுவே கடைசிக் கணினியும்கூட. அக்கா அதில் கல்லூரி முடித்தாள். தம்பி டிப்ளமோ முடித்தான். இப்போது சித்தி மகள் டிஎன்பிஎஸ்சி பாடக்குறிப்புகளை அதில்தான் வைத்திருக்கிறாள். இரண்டு விசை பெயர்ந்து போயிருக்கும், சார்ஜர் செருகினால்தான் ஓடும். அந்த வீட்டின் சாதிச் சான்றிதழ், கல்வி உதவித்தொகை விண்ணப்பம், வங்கிக் கணக்கு எண், ஆதார் நகல் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. வன்கொடுமை வழக்கு நடத்தும் எங்களைப் போன்றவர்களின் பெட்டியில் முதல் தகவல் அறிக்கையும் மருத்துவச் சான்றும் சாட்சிகளின் பெயர் முகவரியும் சேர்ந்து கிடக்கின்றன.

கையில் இருப்பதிலேயே மிக ஆபத்தான தகவலை மிகப் பழைய இயந்திரத்தில் வைத்திருப்பவர்கள் நாம். அதனால் எந்த பிரவுசர் என்பது கணினிப் பிரியர்களின் பொழுதுபோக்குக் கேள்வி என்று நம் இயக்கங்கள் ஒதுக்கிவைப்பதை நாங்கள் ஏற்கவில்லை. நண்பரின் சிரிப்பைவிட எங்களைக் கோபப்படுத்துவது நம் ஆட்களே சொல்லும் இன்னொரு வாக்கியம்: "நம்மகிட்ட மறைக்க என்ன தோழர் இருக்கு?"

என்ன இருக்கிறது என்று சொல்கிறோம். பெயரும் ஊரும் எழுதமாட்டோம். ஒரு பெண், ஊர்த்தெரு. ஒரு பையன், காலனி. இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொள்ள முடிவெடுத்தார்கள். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம், முப்பது நாள் அறிவிப்பு, என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்பதையெல்லாம் அந்தப் பெண் தன் வீட்டு லேப்டாப்பில் தேடிப் படித்திருக்கிறாள். அந்த பிரவுசரில் எப்போதோ அவள் அண்ணன் தன் மின்னஞ்சல் கணக்கைத் திறந்தவன் வெளியேறவே இல்லை. தங்கை தேடியதெல்லாம் அண்ணன் கணக்கில் பதிவாகி, அவன் போனில் தேடல் வரலாறாக வந்து நின்றது. அவளிடமே காட்டிக் கேட்டிருக்கிறான். அன்று மதியமே இருவரும் பேருந்து ஏறிவிட்டதால் உயிர் பிழைத்தார்கள். இரவு பைக்குகளில் வந்தவர்கள் பையனின் அப்பா வீட்டு ஓடுகளை நொறுக்கிவிட்டுப் போனார்கள்.

(அந்தச் சட்டமே இருவர் பெயரையும் அலுவலகப் பலகையில் முப்பது நாள் ஒட்டிவைக்கச் சொல்கிறது என்பது தனிக் கொடுமை. அதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.)

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் படிப்பக லேப்டாப்பைத் திறந்து பார்த்தோம். வெட்கமாக இருந்தது. பதினான்கு பேர் பயன்படுத்தும் இயந்திரத்தில் ஒரே பயனர் கணக்கு. பிரவுசரில் யார் யாருடைய கடவுச்சொல்லோ சேமிக்கப்பட்டிருந்தது. டவுன்லோட் ஃபோல்டரில் ஒரு வழக்கின் சாட்சிப் பட்டியல் இருந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் கொண்டுவந்த 15அ பிரிவு, சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் பொதுமக்கள் பார்க்கும் ஆவணங்களில் மறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. போராடி வாங்கிய பிரிவு அது. நீதிமன்றம் மறைக்கவேண்டியதை நாங்களே மேசைமேல் விரித்து வைத்திருந்தோம்.

சாதி என்பது தொடக்கத்திலிருந்தே யார் யாரைக் கண்காணிக்கலாம் என்கிற ஏற்பாடும்தான். காலனிப் பையன் எந்தத் தெருவில் செருப்போடு நடந்தான், என்ன சட்டை போட்டான், யாரோடு பேசினான், எந்தப் பேருந்தில் ஏறினான் என்று பார்க்கும் உரிமை ஊருக்கு இருந்தது. ஊர் வீட்டுக்குள் எட்டிப்பார்க்கும் உரிமை நமக்கு ஒருநாளும் இருந்ததில்லை. தனி அறையும் தாழ்ப்பாளும் உள்ள வீட்டில் வளர்ந்தவர்கள் 'பிரைவசி' என்பதை மேல்தட்டுக் கவலை என்று பேசலாம். ஒற்றை அறை வீட்டில் வளர்ந்த நாம் அதை நம்பவேண்டிய அவசியமில்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அந்த உரிமை யாருக்கு அதிகம் தேவை என்று யோசியுங்கள்.

சரி, இயந்திரத்துக்கு வருவோம்.

விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு பொதுவான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்தியது. அதில் ஓடும் கடைசி குரோம் 109-ஆம் பதிப்பு. 2023 பிப்ரவரியில் 110 வந்தபோது விண்டோஸ் 7 கைவிடப்பட்டது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்னும் அந்த 109-ல்தான் இருக்கிறார்கள். திறக்கிறது, ஓடுகிறது, பிறகென்ன என்கிறார்கள். பிரவுசர் ஓடுவதும் பாதுகாப்பாக இருப்பதும் ஒன்றல்ல. புதிய குரோமில் ஓர் ஓட்டையை அடைக்கும்போதெல்லாம் பழைய குரோமில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று திருடனுக்கு அடையாளம் காட்டியதாகவும் ஆகிறது.

ஓர் உதாரணம். 2023 செப்டம்பரில் வெப்பி என்ற பட வடிவத்தைத் திறக்கும் நிரலில் பெரிய பிழை கண்டுபிடிக்கப்பட்டது. விஷமமாகச் செய்த ஒரு படம் திரையில் வந்தாலே போதும், எதையும் சொடுக்க வேண்டாம், உள்ளே நுழைய வழி கிடைக்கும். குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் அதே நிரல்தான். விண்டோஸ் 7-ல் ஓடும் ஃபயர்பாக்ஸ் 115-க்கு உடனே திருத்தம் வந்தது. விண்டோஸ் 7 குரோமின் ஆதரவுக் காலமோ அதற்கு ஏழு மாதம் முன்பே முடிந்திருந்தது.

ஆகவே எங்கள் முடிவு: விண்டோஸ் 7, 8, 8.1 இவற்றில் இப்போதைக்கு ஃபயர்பாக்ஸ் 115 ஈ.எஸ்.ஆர். நீண்டகால ஆதரவுப் பதிப்பு அது. இந்தப் பழைய விண்டோஸ்களுக்கான ஆதரவு 2024 செப்டம்பரோடு முடியும் என்றுதான் மொசில்லா முதலில் அறிவித்தது. அந்த இயந்திரங்களில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று பார்த்துப் பலமுறை நீட்டித்தது. நமக்கு அதில் கவனிக்கவேண்டியது இரண்டு. ஒன்று, இது இரவல் நேரம், ஒருநாள் முடியும். இரண்டு, '115' என்று இருந்தால் மட்டும் போதாது. 115.13-க்கு முந்தைய பதிப்பை வைத்திருந்தால், அதற்குள் இருந்த ஒரு சான்றிதழ் 2025 மார்ச் 14-ல் காலாவதியாகிவிட்டதால் நீட்சிகள் செயலிழந்து போகும். உதவிப் பட்டியலில் போய்ப் பதிப்பு எண்ணைப் பாருங்கள். நிறுவும் கோப்பை மொசில்லாவின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். 'இலவச டவுன்லோட்' என்று தேடினால் வரும் முதல் தளத்திலிருந்து எடுக்காதீர்கள்.

மொசில்லாவைப் புனிதமாக்கவில்லை. அதன் வருமானத்தில் பெரும்பகுதி கூகுளோடு செய்துகொண்ட தேடல் ஒப்பந்தத்திலிருந்துதான் வருகிறது. அதனால்தான் திறந்தவுடன் கூகுள் தேடல் நிற்கிறது. அமைப்புகளில் போய் டக்டக்கோ போன்ற வேறொன்றுக்கு மாற்றுங்கள். கண்காணிப்புத் தடுப்பைக் 'கடுமை' நிலைக்குக் கொண்டுபோங்கள். எச்டிடிபிஎஸ் மட்டும் என்பதை இயக்குங்கள். மொசில்லாவுக்குத் தரவு அனுப்பும் பெட்டிகளில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். பொதுக் கணினி என்றால், மூடும்போது வரலாறும் குக்கீயும் அழியும்படி வையுங்கள். பிறகு யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சி. இது அந்தரங்கத்துக்கு மட்டுமல்ல, 2 ஜிபி ரேம் உள்ள இயந்திரத்தில் மூச்சுவிடவும் உதவும். பக்கத்தைத் திணறடிப்பது பாதி நேரம் விளம்பரக் குப்பைதான்.

பழைய விண்டோஸுக்கென்றே குரோமியத்தைத் திருத்தித் தரும் சூப்பர்மியம் போன்றவையும் உண்டு. அவற்றைச் செய்பவர்கள் மீது மரியாதை இருக்கிறது, கைவிடப்பட்ட இயந்திரங்களுக்காக உழைக்கிறார்கள். ஆனால் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் உழைப்பில் நிற்கும் ஒன்றில் வழக்கு ஆவணத்தையோ வங்கிக் கணக்கையோ நாங்கள் திறப்பதில்லை. ஏதாவது ஒரு தளம் ஃபயர்பாக்ஸில் அடம்பிடித்தால் வேடிக்கை பார்க்க மட்டும் பயன்படுத்துவோம்.

'லேசானது, வேகமானது' என்று ஏழைகளின் கருவிக்கென்றே விற்கப்படும் பிரவுசர்களிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். மலிவு போன்களில் யூசி பிரவுசர் கொடிகட்டிப் பறந்த காலம் நினைவிருக்கிறதா? அது பயனர் தகவலைக் கசியவிடுகிறது என்று கனடாவின் சிட்டிசன் லேப் 2015-லேயே அறிக்கை வெளியிட்டது. 2020 ஜூனில் இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகள் நம் தெருவில் அதில்தான் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தோம், தேர்வு முடிவும் பார்த்தோம்.

பிரவுசர் எதைக் காப்பாற்றாது என்பதையும் சொல்லாமல் விட்டால் நாங்களும் விற்பனையாளர்கள் ஆகிவிடுவோம். மேலே சொன்ன பெண்ணின் கதையில் வெறும் பிரவுசரை மாற்றியிருந்தால் எதுவும் மாறியிருக்காது. அண்ணனின் கணக்கு திறந்திருக்கும்வரை எந்த பிரவுசரும் அவன் கண்தான். 'பிரைவேட் விண்டோ' வீட்டில் இருப்பவர்களிடமிருந்து வரலாற்றை மறைக்கும். இணைய இணைப்பு தரும் நிறுவனத்திடமிருந்தோ நீங்கள் போகும் தளத்திடமிருந்தோ மறைக்காது. டவுன்லோட் செய்த கோப்பும் அப்படியே ஃபோல்டரில் கிடக்கும்.

அடுத்தது பீமா கோரேகான் வழக்கு. ரோனா வில்சனின் கணினிக்குள் 2016-லேயே நெட்வயர் என்ற உளவு நிரல் நுழைந்துவிட்டது, அதன் வழியாகக் கோப்புகள் திணிக்கப்பட்டன என்று அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் 2021-ல் ஆய்வறிக்கை தந்தது. தலித் மக்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங்கின் கணினியிலும் அதுவே நடந்தது என்றது. விசாரணை முகமை இதை ஏற்கவில்லை. நமக்கான பாடம் அது எந்த வழியாக வந்தது என்பதில் இருக்கிறது. தெரிந்த தோழர் ஒருவரின் மின்னஞ்சல் கணக்கிலிருந்து வந்த இணைப்பு அது. அந்த இணைப்பைச் சொடுக்கிவிட்டால் ஃபயர்பாக்ஸால் என்ன செய்யமுடியும்? தோழர் பெயரில் கோப்பு வந்தால், திறக்கும் முன் போன் போட்டுக் கேட்கும் பழக்கத்தை எந்த மென்பொருளும் நமக்குத் தராது.

இந்தக் காரணங்களால்தான், ஃபயர்பாக்ஸ் 115 விண்டோஸ் 7-ல் ஓர் இடைக்காலத் தங்கல் என்கிறோம். பிரவுசர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அடித்தளம் ஓட்டையாக இருக்கிறது. போகவேண்டிய இடம் லினக்ஸ். அந்த விலையில்லா லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது, ஞாபகமிருக்கிறதா? பிள்ளைகளுக்கு அதை யாரும் கற்றுத்தரவில்லை. முதல் ரிப்பேரிலேயே கடைக்காரர் அதை அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தார். இன்று அதே பெட்டியில் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்போ எம்எக்ஸ் லினக்ஸோ ஏற்றினால், அன்றன்றைக்கு வரும் புத்தம்புதிய ஃபயர்பாக்ஸ் கிடைக்கும். உள்ளே 32 பிட் விண்டோஸ் இருந்தாலும் பயப்படவேண்டாம், நாங்கள் திறந்து பார்த்தவற்றில் சிப் 64 பிட்டாகத்தான் இருந்தது. பழைய ரேம் ஒன்று வாங்கி 4 ஜிபி ஆக்கினால் இன்னும் நிம்மதி. ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்தான். "தமிழ் டைப்பிங் போயிடுமே" என்று எல்லோரும் கேட்கிறார்கள். தமிழ்99 அதிலும் உண்டு.

எங்கள் படிப்பகத்தில் இதுவரை ஏழு லேப்டாப்புகளை மாற்றியிருக்கிறோம். ஆறு ஓடுகின்றன. ஒன்றில் வைஃபை எடுக்கவில்லை, கேபிள் போட்டுத்தான் ஓட்டுகிறோம். ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கு கொடுத்தாயிற்று. வழக்குக் கோப்புகள் அந்த இயந்திரங்களிலேயே இப்போது இல்லை.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு மறுபடியும் உட்காருகிறோம். உங்களுடைய பெட்டியையும் கொண்டு வாருங்கள். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று தேவைப்படும். முந்தின நாளே படங்களையும் சான்றிதழ்களையும் வேறெங்காவது நகல் எடுத்துவிடுங்கள், ஏற்றும்போது வட்டில் இருப்பது எல்லாம் அழியும். சார்ஜரை மறக்காதீர்கள்.