அவள் பெயரில் பேசும் இயந்திரம்

பத்தமடைப் பாயைத் தன் சொந்த இணையதளத்தில் விற்க முனையும் பெண்ணுக்கு உடனே ஒரு யோசனை வருகிறது: “ஒரு மென்பொருள் வாங்கிப் போடுங்க. நீங்க தூங்கினாலும் அது லைக் போடும், ஃபாலோ பண்ணும், கமெண்ட் எழுதும். தளத்துக்கு ஆள் தானா வரும்.” இதை நான் எதிர்க்கிறேன்.

தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறப்போட்டு, இழையாகக் கிழித்து நெய்யும் கல்யாணப் பாயில் மணமக்கள் பெயர் இருக்கும்; நெய்தவள் பெயர் இருக்காது. இணையத்தில்தான் அவள் தன் பெயரில் பேசுகிறாள். அந்தப் பேச்சையும் இயந்திரத்திடம் கொடுக்கச் சொல்கிறார்கள்.

ஆபத்து யாருக்கு? இத்தகைய செயலிகள் போடும் போலி லைக், ஃபாலோ, கமெண்டுகளை நீக்குவதாக 2018 நவம்பரில் இன்ஸ்டாகிராம் அறிவித்தது. கடவுச்சொல்லைக் கொடுத்தவள் கணக்கையே இழக்கலாம். மென்பொருளை விற்றவருக்குச் சந்தா வந்துவிட்டது.

முன்பின் தெரியாதவரிடமும் சிரி, புகழ், காத்திரு என்பது பெண்ணுக்குக் காலங்காலமாக விதிக்கப்பட்ட கூலியில்லா வேலை. அதையே இயந்திரத்துக்குப் பழக்கி விளம்பரம் என்கிறார்கள். இழவுச் செய்தியின் கீழும் அது ‘சூப்பர்’ என்று எழுதிவிடும், அவள் பெயரில். தலைகுனிவது அவள்.

“நேரமில்லையே” என்பீர்கள். உண்மைதான். பாய் நெய்து, சோறாக்கி, பிள்ளையைப் பார்ப்பவளுக்கு எங்கே நேரம்? அதற்கு வீட்டுவேலையைப் பங்கிடச் சொல்லுங்கள். அவளே எழுதியதை நேரம் குறித்து வெளியிட ஒரு கருவி உதவினால் எனக்கு மறுப்பில்லை. அவள் சொல்லாததை அவள் பெயரில் சொல்ல எந்தக் கருவிக்கும் உரிமையில்லை.